தொடாமல் பார்த்த அறைகள்

சிங்கவரம் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இன்னிக்கி எங்க ஆபீஸ் கனவுல வர்ற மாதிரி இருந்துச்சுக்கா."

"இன்னாடி ஆச்சு?"

"குண்டு வச்சிருக்குன்னு போன் வந்துச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டோம். தெனம் பெருக்குற எனக்குத்தான் எது புதுசுன்னு தெரியும்னு போலீஸ்காரரு கூப்ட்டாரு. தொடாம, பாத்து மட்டும் சொல்லுன்னாரு. ஆளே இல்லாம ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சு. ஜன்னலாண்ட ஒரு பை மட்டும் புதுசுன்னேன். உடனே என்னை வெளிய கூட்டியாந்துட்டாரு."

"அப்புறம்?"

"விசாரிச்சா, கிளார்க்கு கொண்டாந்த கொய்யாப்பழம்."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு. ஆனா அத்தினி ரூமும் எனக்கு மனப்பாடம்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சுது."

கண்ணை மூடி, வாசல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பொருளாகச் சொல்லத் தொடங்கினாள். சிங்கவரம் வந்து கண்டக்டர் கூப்பிடும்வரை அவள் ஆபீஸ் மாடிக்குப் போய்ச் சேரவில்லை.