மூணு குரல்

கணவன்: ரெண்டு நிமிஷம் பதினாலு செகண்டுக்குப் போங்க. அங்கேருந்துதான்.

கடைக்காரர்: மறுபடியும் அதே இடமா சார்?

கணவன்: எல்லா ஹெட்போனையும் ஒரே இடத்துல கேட்டாத்தானே வித்தியாசம் தெரியும்.

மனைவி: முழுப் பாட்டையும் கேக்கலாம்ல.

கணவன்: நீ கொஞ்சம் சும்மா இரு... ம்.

மனைவி: என்ன ம்?

கணவன்: இதுல டிரம்ஸ் நல்லா விழுது.

கடைக்காரர்: அந்த இடத்துல வாத்தியமே இல்லையே சார். வெறும் குரல்தானே?

மனைவி: அப்படிக் கேளுங்கண்ணே.

கணவன்: அதுக்கு... கொஞ்சம் முன்னாடி.

மனைவி: ஆமாமா. கண்ணை மூடிக்கிட்டா இன்னும் நல்லா விழும்.

கடைக்காரர்: யார் சார் பாடினது? வெளியில வந்த பாட்டு மாதிரி தெரியலையே.

கணவன்: தெரிஞ்சவங்க. காலேஜ் படிக்கும்போது பதிஞ்சது.

மனைவி: தெரிஞ்சவங்களாம்.

கடைக்காரர்: அப்போ இதைப் போட்டுப் பாருங்க. பின்பக்கம் திறந்த மாடல். ஒவ்வொரு குரலும் தனியா நிக்கும். பக்கத்துல இருக்கவங்களுக்கும் கொஞ்சம் கேக்கும், அவ்வளவுதான்.

கணவன்: அது வேண்டாம். மூடினதே காட்டுங்க.

மனைவி: ஏன்? எனக்கும் கேக்கட்டுமே.

கணவன்: உனக்குத் தொந்தரவா இருக்கும்னுதான்...

மனைவி: பூனை கண்ணை மூடிக்கும். நீங்க காதை மூடிக்கிறீங்க. போடுங்கண்ணே.

கடைக்காரர்: இப்போ எப்படி இருக்கு சார்?

கணவன்: மூச்சு வாங்குறது கேக்குது. பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

மனைவி: யாரோட மூச்சு?

கணவன்: யாரோ.

கடைக்காரர்: நாலு குரலும் தெளிவா இருக்கா சார்?

கணவன்: மூணு.

கடைக்காரர்: நாலு சார். மாட்டும்போது நானும் கேட்டேனே.

கணவன்: மூணுதாங்க. பதினோரு வருஷமாக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?

மனைவி: இங்க குடுங்க...

கடைக்காரர்: எத்தனைம்மா?

மனைவி: அவர் மூணுங்கிறாரே. மூணுதான்.

கடைக்காரர்: கூடவே முணுமுணுத்தீங்க, சுருதி விலகவே இல்லையே. பாடுவீங்களா?

கணவன்: இவளா? பாத்ரூம்ல கூடப் பாட மாட்டா.

மனைவி: அண்ணே, முதல்ல காட்டினீங்களே, விலை கம்மியானது... அதையே கொடுத்துடுங்க.

கணவன்: ஏய், அது குப்பை. எல்லாக் குரலும் குழைஞ்சு ஒண்ணா வருது.

மனைவி: அதான் வேணும். யாரு யாருன்னு தெரியாது.

கடைக்காரர்: நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் உள்ள போய் பெட்டி இருக்கான்னு பாக்குறேன்.

கணவன்: அவர் முன்னாடி ஏன் மானத்தை வாங்குற?

மனைவி: அக்காவோட மூச்சு எனக்குத் தெரியாதா? அவ கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் ஒரே ரூம்ல படுத்தவ நான்.

கணவன்: எப்போலேருந்து தெரியும்?

மனைவி: அவ இந்தப் பாட்டை உங்ககிட்ட கொடுத்த அன்னிக்கே. அப்போ நீங்க எனக்கு அக்காவோட ஃபிரெண்ட்.

கணவன்: அது என்னிக்கோ முடிஞ்சுபோன கதை. அவளுக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு. நான் குரலை மட்டும்தான்...

மனைவி: அதுவும் தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கல.

கணவன்: பின்ன இன்னிக்கு மட்டும் என்ன?

மனைவி: நல்ல ஹெட்போன் வாங்கலாம்னு உங்களை இழுத்துட்டு வந்ததே நான்தானே. இதுலயாவது கேக்கும்னு நெனச்சேன்.

கணவன்: என்ன கேக்கும்?

மனைவி: அன்னிக்கு ரெக்கார்டிங்குக்கு ஒரு பொண்ணு வரல. அக்கா என்னைக் கூட்டிட்டுப் போய் தன் பக்கத்துலயே நிக்க வச்சுப் பாட வச்சா. பதினோரு வருஷம்... எப்படிங்க மூணுன்னு எண்ணினீங்க?