இடது கம்பத்தோரம்

ஹில்லா: காலை உள்ள இழு ஆர்த்து. சக்கரத்துல மாட்டினா, சாயங்காலம் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துல கோல்ல யார் நிக்கிறது?

ஆர்த்து: ஒத்தக் கால்ல நிப்பேன். நீ ஓட்டு.

ஹில்லா: ஐஸ் தரையை வழவழப்பாக்குற மிஷின்ல ஆள் ஏத்தக்கூடாதுன்னு நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். என் மானம் போகுது.

ஆர்த்து: நான் ஓட்டுற ஸ்கூல் பஸ்ல உன்னை ஏத்தலயா? பசங்களோட உக்காந்து பாட்டு வேற பாடினியே.

ஹில்லா: அன்னிக்குப் பனி கொட்டுச்சு. இன்னிக்கு என்ன சாக்கு?

ஆர்த்து: ஒண்ணுமில்ல... மெதுவாப் போ. பாதி விளக்குதான் எரியுது. நீ ஊத்துற சுடுதண்ணி ஆவியா எந்திரிச்சு வருது. ஏரி மேல படகுல போற மாதிரி இருக்கு.

ஹில்லா: படகுல போறவன் சும்மா இருப்பான். பேச மாட்டான்.

ஆர்த்து: பல் வலி எப்படி இருக்கு?

ஹில்லா: எந்தப் பல்லு?

ஆர்த்து: போன வாரம் லீவு போட்டுட்டு டாக்டரைப் பாக்கப் போனியே.

ஹில்லா: ஓ... அதுவா. பரவால்ல. வளைவு வருது, புடிச்சுக்கோ.

ஆர்த்து: ஹில்லா... துர்க்கு நகரத்துலேந்து போன் வந்துச்சு.

ஹில்லா: ம்.

ஆர்த்து: மேல் லீக் டீம். அடுத்த சீசனுக்கு வரச் சொல்றாங்க. மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்.

ஹில்லா: இவ்ளோ வருஷம் இந்த ரெண்டாம் லீக்ல பஸ்லயே தூங்கி பஸ்லயே முழிச்சியே. இதுக்குத்தானே?

ஆர்த்து: இதுக்குத்தான்னு நினைச்சேன்.

ஹில்லா: இன்னும் ரெண்டு வருஷம் போனா முட்டி ஒத்துழைக்காது. அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. போ.

ஆர்த்து: அவ்ளோ சீக்கிரமா சொல்லிட்ட.

ஹில்லா: வேற எப்படிச் சொல்றது? அழுதுட்டே மிஷின் ஓட்டினா கோடு கோணலாப் போகும்.

ரவுனோ: ஏய், ரெண்டு பேரும் என்ன ஊர்வலமா போறீங்க?

ஹில்லா: ரவுனோ, நீ ஸ்கேட் சாணை பிடிக்கிற வேலையை மட்டும் பாரு.

ரவுனோ: பாத்துட்டுத்தான் இருக்கேன். இன்னிக்குத் தேதி தெரியுமா? பிப்ரவரி இருபத்தொம்பது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பொண்ணுங்க 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேக்கலாம், ஆம்பளைங்க ஒளியணும்.

ஆர்த்து: நான் ஒளியலயே. ஊர் பாக்க மிஷின் மேல உக்காந்திருக்கேன்.

ரவுனோ: மாட்டேன்னு சொல்றவன் பாவாடைத் துணி வாங்கிக் குடுக்கணும். அதான் முறை. நீ கூட ரெடியாத்தான் வந்திருக்க போல. பையில ரீத்தா துணிக்கடைப் பொட்டலம் துருத்திட்டு நிக்குதே.

ஆர்த்து: என் பையை எதுக்குக் கிளறுற?

ரவுனோ: கிளறல. காகிதம் ஓரமா கிழிஞ்சிருக்கு. கருப்புத் துணி. பாவாடைக்குப் போய் கருப்பா எடுப்பாங்களா, ரசனை கெட்டவனே.

ஹில்லா: ரவுனோ, கதவைச் சாத்து. குளிர் வெளிய போகுது.

ரவுனோ: சரி சரி. சாத்திட்டேன்.

ஆர்த்து: ஏன் திடீர்னு வேகமா ஓட்டுற?

ஹில்லா: வேலை இருக்கு... துணியா அது?

ஆர்த்து: துணிதான்.

ஹில்லா: யாரும் எதுவும் கேக்கலயே. அதுக்குள்ள வாங்கிட்டியா?

ஆர்த்து: யாரும் கேக்கலயா?

ஹில்லா: கேக்கல.

ஆர்த்து: நல்லா யோசிச்சுச் சொல்லு.

ஹில்லா: ...நான் ஒண்ணு கேக்கட்டா? கோல்கீப்பருங்க எல்லாரும் ஆட்டத்துக்கு முன்னாடி கோலுக்கு எதிர்ல இருக்குற அந்த நீல வளைவு முழுக்க ஸ்கேட்டால கீறுவாங்க, கால் வழுக்காம இருக்க. வயல் உழுத மாதிரி ஆக்கி வைப்பாங்க. நீயும் கீறுற. ஆனா இடது கம்பத்தோரம் உள்ளங்கை அகலத்துக்கு விட்டுடுற. எப்பவும். ஏன்?

ஆர்த்து: கீறினா தெரியாமப் போயிடும்.

ஹில்லா: எது?

ஆர்த்து: நீ எழுதினது. ஏய், மிஷினை நிறுத்திட்ட. தண்ணி ஊத்திட்டே இருக்கு பாரு, மேடு தட்டிடும்.

ஹில்லா: எப்பலேந்து தெரியும்?

ஆர்த்து: ஆகஸ்ட், முதல் பயிற்சி. விழுந்து தடுத்தேன். மூக்கு ஐஸ்ல. கண்ணுக்கு நேரா, அடியில, சிவப்புல, பொடி எழுத்துல... 'என்னைக் கட்டிக்கிறியா? - ஹி.'

ஹில்லா: கோடு எல்லாம் வரையுறப்பதான் எழுத முடியும். அப்புறம் மேல ஐஸ் கட்டிடுவோம். சீசன் முடிஞ்சு உருக்குற வரைக்கும் தொட முடியாது. இன்னிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னுதான்... அப்பவே பாத்துட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

ஆர்த்து: லீப் நாளைக்கு முன்னாடி கேட்டா செல்லாதே. நான் பாட்டுக்குப் பதில் சொல்லி, நீ 'நான் எங்க கேட்டேன்'னு சொல்லிட்டா?

ஹில்லா: பாவி. நான் ஒவ்வொரு ராத்திரியும் அது மேல தண்ணி ஊத்தி மூடிட்டிருந்தேன்.

ஆர்த்து: ஆனா நீ ஒண்ணை மறந்துட்ட. ரெண்டாவது பீரியட்ல ரெண்டு டீமும் பக்கம் மாத்திக்கும்.

ஹில்லா: ஐயோ.

ஆர்த்து: வந்த டீம் கோல்கீப்பருங்க எல்லாம் படிச்சிருக்காங்க. ஒருத்தன் ஆட்டம் முடிஞ்சு கை குடுக்குறப்போ கேட்டான், 'யாருப்பா எனக்குக் கல்யாணம் பேசுறது?'ன்னு. இன்னொருத்தன் குனிஞ்சு படிச்சிட்டிருந்தப்பதான் நம்ம பசங்க கோல் அடிச்சாங்க. லீக்ல பாதிப் பேருக்குத் தெரியும் ஹில்லா.

ஹில்லா: அதான் எதிர் டீம் பஸ் கெளம்பும்போதெல்லாம் என்னைப் பாத்துக் கை ஆட்டுறாங்களா? நான் ஐஸ் நல்லா இருக்குன்னு பாராட்டுறாங்கன்னு நினைச்சேன்.

ஆர்த்து: ஐஸும் நல்லாத்தான் இருக்கு.

ஹில்லா: சிரிக்காத... ஊரே படிச்சாச்சு. உன் பதிலும் கடையில வாங்கியாச்சு. குடு அந்தத் துணியை. பாவாடை தைச்சுக்கிறேன்.

ஆர்த்து: அது பாவாடைக்கு இல்ல. கனமான துணி, தைச்சா நடக்கவே முடியாது. உன் படுக்கையறை ஜன்னல் திரைக்கு. ஜூன் மாசம் ராத்திரியெல்லாம் இருட்டாம வெளிச்சம் அடிக்குது, தூக்கமே வரலன்னு சொன்னியே. இனிமே அங்க ரெண்டு பேர் தூங்கணும்ல?

ஹில்லா: ...ஆர்த்து.

ஆர்த்து: இப்ப இறங்கிப் போய் துர்க்குக்கு போன் போட்டு வரலன்னு சொல்லப் போறேன்.

ஹில்லா: எதுக்கு?

ஆர்த்து: இந்த மிஷினை விட்டுட்டு நீ வர மாட்ட. எனக்குத் தெரியும். எனக்கு இந்த லீக் போதும். காலையில பஸ், சாயங்காலம் கோல், கீழ குனிஞ்சா உன் எழுத்து...

ஹில்லா: ஃபின்லாந்துல ஐஸ் மிஷின் இது ஒண்ணுதானா?

ஆர்த்து: அப்படின்னா?

ஹில்லா: அந்த டீம்காரங்க முதல்ல இங்க ஆபீசுக்குத்தான் பேசினாங்க. போனை எடுத்தது ரவுனோ. அவன் வாயில எது தங்கும்?

ஆர்த்து: உனக்கு முன்னாடியே தெரியுமா? அப்போ போன வாரம்...

ஹில்லா: என் பல்லுக்கு ஒரு குறையும் இல்ல. ரயில் ஏறி துர்க்கு போனேன், அங்க ஐஸ் போட ஆள் எடுக்குறாங்களான்னு கேக்க. ஆகஸ்ட்ல கோடு வரைய வரச் சொல்லியிருக்காங்க. போ, போய் வரேன்னு சொல்லு. அந்தத் துணியை மட்டும் பத்திரமா மடிச்சு வை... அங்கயும் ஜூன்ல இருட்டாது.