டிரைவர் பின்சீட்டில் வந்த ஞாயிற்றுக்கிழமை

என் பெயர் சோலைமலை. வயது நாற்பத்தாறு. தகப்பனார் பெயர் ஆண்டிச்சாமி. சாணார்பட்டியில் குடியிருந்துகொண்டு அய்யலூர் சந்தையில் ஆட்டுத் தரகு பார்க்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் வாத்தியார் மனசு வைத்ததால். திண்டுக்கல்லில் பஸ் டிரைவராக இருக்கும் சங்கிலி என் தங்கை மாயம்மாளின் புருஷன்.

நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருப்பதால், மாதம் ஒரு ஞாயிறு சங்கிலியின் பழைய மோட்டார் சைக்கிளில் கேரள எல்லை தாண்டி, சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போய்வருவோம். குடிப்பது நான், ஓட்டுவது அவன். அவன் மீன்குழம்பும் கிழங்கும் தின்பதோடு சரி. எனக்குக் கள்ளைவிட அந்த ஓட்டம்தான் போதை. பழனி ரோட்டில் வேட்டி படபடக்கப் போகையில் எதிரே வரும் பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போவேன்.

சென்ற 14.10.62 ஞாயிறன்றும் போனோம். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் நான் கள்ளைத் தொடவில்லை. அப்போது கடையில் சமைக்கும் ரோஸ்மேரி, "ஏனுங்க, டிரைவருக்கு இன்னிக்காச்சும் ஒரு மொந்தை ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். நான், "வேணாந்தாயி, மாயம்மா சோறு போட மாட்டா" என்றேன். சங்கிலிக்கு ரோசம் வந்து இரண்டு மொந்தை குடித்தான்.

அதன் பிறகு, "மச்சான், குடிச்ச கையால வண்டியத் தொடமாட்டேன். நாளைக்குப் போவோம்" என்றான். மறுநாள் காலை முதல் பஸ் அவனுடையது. "எட்டு வருசமா ஒன் தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே வாரேன். ஏறு மாப்ள, நான் ஓட்டுறேன்" என்றேன்.

கிளட்ச், ஆக்ஸிலேட்டர், டாங்கி ஓரத்துக் கை கியர் எல்லாம் பார்த்துப் பழகினதுதான். வண்டி கிளம்பியது. எல்லைச் சாவடி வரைக்கும் நாலு மைலும் நான் சிரித்துக்கொண்டே வந்தேன், ஐயா.

சோதனைச் சாவடியில் வைக்கோல் வண்டிக்காகத் தடுப்புக் கம்பைத் தூக்கியிருந்தார்கள். எங்களை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்கள். அப்போதுதான் பிரேக் நினைவு வந்தது. அது காலில் இருக்கிறது. பின்சீட்டுக்காரன் கண்ணில் படாது. "மாப்ள, எப்பிடி நிப்பாட்ட?" என்றேன். "மிதி மச்சான், மிதி!" என்றான். எதை என்று சொல்லவில்லை. "வாரேன் சார், வாரேன்" என்று கத்திக்கொண்டே சாவடியைத் தாண்டினேன். இரண்டு பர்லாங் போய் வண்டி தானாக நின்றது.

போலீசார் ஓடிவந்து சோதித்தார்கள். சரக்கு ஏதும் இல்லை. சங்கிலி வாயில் மட்டும் வாடை. "டிரைவர் பின்னால குந்திக்கிட்டு வருவானாம், ஆட்டுத் தரகன் ஓட்டுவானாம். யாருகிட்டடா கதை?" என்று, சங்கிலியே ஓட்டித் தப்பப் பார்த்ததாக எழுதிவிட்டார்கள். அப்படியே நின்றால் அவன் லைசென்ஸ் போய்விடும். என் தங்கையும் மூன்று பிள்ளைகளும் அந்த லைசென்ஸில்தான் சாப்பிடுகிறார்கள். அவனைச் சீண்டிக் குடிக்க வைத்தது என் வாய்.

இன்று திண்டுக்கல்லில் விசாரணையின்போது இன்ஸ்பெக்டர் ஐயா, "நீதான் ஓட்டினியா? ஓட்டு பாப்போம்" என்றார். ஸ்டேஷன் வளாகத்தில் மூன்று சுற்று நன்றாகவே வந்தேன். அதன் பிறகு நிறுத்தச் சொன்னார். பிரேக் எந்தக் காலில் என்று அதற்குள் சங்கிலி சொல்லியிருந்தான், மிதித்தேன். பயத்தில் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். ரோஜாத் தொட்டிகள் நான்கு, ஐயாவின் சைக்கிள், பிறகு சுவர். வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ஐயா, ஏட்டய்யாவிடம், "எழுதிக்கய்யா, ஓட்டுனது இவன்தான்" என்றார்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதை ஒப்புக்கொள்கிறேன். இதை ஏட்டய்யா வாசிக்க நான் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(சோலைமலை, இ.பெ. ரேகை)