கரண்ட் போனா எவ்ளோ தண்ணி எறங்கும்?

— காலி பண்ணுன்னா காலி பண்ணு செம்பியா. ஆடியில யாரும் குடி போவ மாட்டாங்கன்னுதான் விட்டு வெச்சேன். ஆவணி பொறந்ததும் சாவி எங்கைக்கு வந்துடணும்.

— சடையப்பண்ணே, பத்து நிமிசம். புது சம்ப்பு வெச்சிருக்கேன், பாத்துட்டு அப்பறமா சொல்லுங்க.

— சம்ப்பா? வாசல்ல நான் கட்டி வெச்சிருக்கறது பத்தலியா, மாடியில வேற ஒண்ணா?

— அது இல்லண்ணே. தோ, மீன் தொட்டி ஸ்டாண்டுல கதவ தெறக்குறேன் பாருங்க. உள்ள கண்ணாடி பொட்டி ஒண்ணு இருக்குதுல்ல? இதுக்கும் சம்ப்புன்னுதான் பேரு.

— இந்தா பாரு. மேல ஒரு தொட்டிய வெச்சதுக்கே எங்கூட்டு ஹால்ல சீலிங் ஒழுவுது. நீ அடியில இன்னொரு தொட்டிய வெச்சிட்டு வந்து பாருங்கறே.

— ஒழுவக் கூடாதுன்னுதாண்ணே வெச்சேன். சத்தியமா சொல்றேன், மூணு மாசம் இன்டர்நெட்ல வெள்ளக்காரங்க போட்ட படத்தையெல்லாம் பாத்து வரைஞ்சது. கடலூர்ல கண்ணாடிக் கடைக்காரரு என்னப் பாத்தாலே ஷட்டர எறக்குறாரு.

— நானும் அதான் செய்யணும். கரண்டு போயி வந்தாப் போதும், சொட்டு சொட்டுன்னு ஒழுவுது. ஒன் தங்கச்சி ஜான்சி அன்னிக்கு கோணிய எடுத்துகினு ஓடுனத எங்கண்ணால பாத்தேன்.

— ஏண்ணே, அது எம் பொண்டாட்டி.

— எனக்கு தங்கச்சி மாதிரின்னு சொல்ல வந்தேன். பேச்ச மாத்தாத.

— அன்னிக்கு வழிஞ்சது வாஸ்தவம்தாண்ணே, இல்லேங்கல. அப்ப அடியில வெறும் பிளாஸ்டிக் டப்பு. மேல தொட்டி ரொம்பி, குழா வழியா தண்ணி டப்புல எறங்கும். டப்புல இருக்குற மோட்டாரு அத திரும்ப மேல ஏத்தும். கரண்டு போச்சுன்னா ஏத்தறது நின்னுடும், எறங்கறது நிக்காது.

— அதான் எந்தலையில எறங்குச்சு.

— அதுக்குத்தான் இப்ப கணக்கு போட்டிருக்கேன். கரண்டு போனா மேலேர்ந்து ஒண்ணரை கொடம் எறங்கும். அதுக்கு மேல எறங்காது. சம்ப்புல மூணு கொடத்துக்கு எடம் காலியா விட்டிருக்கேன். ஒண்ணரை கொடம் எறங்குனா எது வரைக்கும் ஏறும்னு தோ, கருப்பு மார்க்கர்ல கோடு. இத தாண்டக் கூடாது.

— மோட்டாரு தண்ணிய ஏத்துற குழா மேல தண்ணிக்குள்ள முங்கித்தான கெடக்குது? மோட்டார் நின்னா அது வழியாவும் திரும்பி வராதா? கொல்லையில டியூப் போட்டு டீசல் உறிஞ்சற மாதிரி.

— அண்ணே! நான் ஒரு மாசம் மண்டைய ஒடைச்சிகிட்டது, நீங்க நின்ன நெலையில கேக்குறீங்க! அதுக்குத்தான் அந்தக் குழாயில தண்ணிக்கு ஒட்டினாப்புல ஒரு சின்ன ஓட்ட போட்டிருக்கேன். தண்ணி கொஞ்சம் எறங்குனதும் அதுல காத்து பூந்துடும். உறிஞ்சறது நின்னுடும்.

— குமராட்சியில பொறந்தவன்டா நான். கொள்ளிடத்துத் தண்ணி எந்த வழியா வீட்டுக்குள்ள பூரும்னு பாத்து பாத்து வளந்தவன். சரி, நடுவுல என்னாத்துக்கு இத்தன தடுப்பு? பொட்டி பூரா கண்ணாடியா நிறுத்தி வெச்சிருக்கே.

— மொத ரூம்புல அழுக்கு வடிகட்டும். பக்கத்துல நொரையோட கழிவ எடுக்குற மெஷினு. கடைசி ரூம்பு மோட்டாருக்கு. நடுவுல பெருசா இருக்குது பாருங்க, அதுக்கு ரெஃப்யூஜியம்னு பேரு, அடைக்கலம் குடுக்குற எடம்.

— அது முழுக்க பாசியா இருக்குதேடா.

— வளக்குறேண்ணே.

— பாசியயா? கொளத்துல பாசி புடிச்சா நாங்க அள்ளி கரையில எறிவோம். நீ லைட்டு போட்டு வளக்குறே!

— மீனு போடுற அழுக்கு பூராவும் இந்தப் பாசிக்குத்தான் சாப்பாடு. இது தின்னா மேல தண்ணி சுத்தமா இருக்கும், தொட்டியில இருக்குற பவளப்பாற மேல கண்ட பாசி ஏறாது. அதில்லாம, கண்ணுக்கே தெரியாத பூச்சிங்க இருக்குது. மேல இருந்தா மீனு ஒரே நாள்ல தின்னு தீத்துடும். இங்க பயமில்லாம குட்டி போட்டு பெருகும். அதுல கொஞ்சம் மோட்டார் வழியா மேல போவும்.

— மீனுக்கு தீனியா?

— ஆமாம்.

— காப்பாத்தறேன்னு கூட்டியாந்து வளத்து, அப்பறம் தீனியா அனுப்பறே. நல்ல ஆளுடா நீ.

— சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா!

— சிரிப்பு வேற, வீடு வேற. ஆமா, நடுத் தடுப்பு ஏன் இம்மாம் ஒசரம்? தண்ணி மடையில விழுற மாதிரி தொபதொபன்னு விழுது. எனக்குக் கீழ படுத்தா தூக்கம் வராது.

— அப்ப ரெண்டு இஞ்சு கொறச்சிடலாமா?

— ஒண்ணரை போதும். அதுக்கு மேல கொறச்சா பாசி மெதந்து மோட்டாருக்கு போயிடும். ... என்னடா பாக்குறே?

— ஒண்ணுமில்லண்ணே. எழுதிக்கிறேன்.

— எழுதி வெச்சிகிட்டு புது வீட்டுல செய்யி.

— அண்ணே, இத எடம் மாத்த முடியாது. சாமியார்பேட்டைலேர்ந்து இருவது கேன் கடத்தண்ணி, அந்தப் பவளம், மீனு... ஒருக்கா பிரிச்சா பாதி செத்துடும். போன வருசம் தானே புயல்ல பதிமூணு நாளு கரண்டு இல்ல. நானும் ஜான்சியும் டீ ஆத்துற மாதிரி சொம்புல மொண்டு மொண்டு ஊத்தி காப்பாத்துனது. எம் பொண்ணு இளவரசி வேற பிளஸ் டூ. பாதி வருசத்துல எங்க போயி வீடு தேடறது?

— அதெல்லாம் எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா சீலிங் காரை பேந்து எம் பொண்டாட்டி அமிர்தம் தலையில விழுந்துச்சுன்னா?

— ஒரே ஒரு டெஸ்ட்டு வெச்சிக்கலாம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மெயின்தான? இப்ப அணைப்போம். கீழ ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நான் வாய தொறக்காம காலி பண்ணிடுறேன்.

— பேச்சு மாற மாட்டியே?

— மாற மாட்டேன்.

— அமிர்தம்! ஏய் அமிர்தம்! மெயின அணைச்சிட்டு ஹால்ல நின்னு மேல பாரு!

— ஏங்க, அரசாங்கம் அணைக்கறது பத்தலியா? இப்பத்தான் வந்துச்சு!

— சொன்னத செய்யி!

— அணைச்சாச்சு! ஃபேனும் போச்சு, டிவியும் போச்சு!

— ஏறுதுடா செம்பியா. ஏறுது, ஏறுது. கோட்டுகிட்ட வந்துடுச்சு.

— பயப்படாதீங்க.

— நான் எதுக்கு பயப்படணும்? வழிஞ்சா எனக்கு நல்லதுதான? ... ஏய், நில்லு நில்லு நில்லு... நின்னுடுச்சிடா! கோட்டுக்கு ஒரு வெரல் கீழயே நின்னுடுச்சு!

— அண்ணே, என் தோள விடுங்க, வலிக்குது.

— அமிர்தம்! சொட்டுதா?

— இல்லீங்க! காஞ்சி கெடக்குது!

— அஞ்சு நிமிசம் பாப்போம்.

— பாத்தாச்சுண்ணே. ஏழு நிமிசமாச்சு.

— சரி. அமிர்தம், மெயின போடு!

— போட்டாச்சு!

— தோ, மோட்டாரு ஓடுது. தண்ணி மேல ஏறுது. அந்த ஆரஞ்சு மீனு ரெண்டும் வெளிய வருது பாருங்க.

— புருசன் பொண்டாட்டியா அது?

— ஆமாண்ணே. பெருசா இருக்குறது பொண்டாட்டி.

— எல்லா வீட்டுலயும் அதே கதைதான். டேய், நீ கெலிச்சிட்டடா. நான்...

— ஏங்க! சொட்டுதுங்க! ஐயோ, நல்லா சொட்டுது!

— செம்பியா...

— இருக்காதுண்ணே! சம்ப்பு கோட்டுக்கு எம்மாம் கீழ இருக்குது பாருங்க! ஸ்டாண்டுக்கு அடியில கைய விட்டு தடவுங்க, ஈரம் இருக்குதா?

— காஞ்சிதான் இருக்குது... ஆனா கீழ சொட்டுதுங்கறாளே. ஒழுவுறது ஒழுவுறதுதான். நீயா ஒத்துகிட்ட பேச்சு.

— ஏங்க, அண்ணாந்து பாத்தேனா, வாய்க்குள்ளயே விழுந்துடுச்சு! தூ!

— அக்கா! துப்பாதீங்க! உப்பு கரிக்குதா?

— என்னாது?

— இங்க இருக்கறது பூரா கடத்தண்ணிக்கா! வாயில விழுந்தது உப்பா, இல்லியா?

— உப்பு இல்லியே! நாம குடிக்கிற தண்ணி மாதிரிதான் இருக்குது!

— அமிர்தம், கரண்டு வந்ததும் நீ எதயாச்சும் போட்டியா?

— எப்பயும் போடுற வாசல் சம்ப்பு மோட்டாருதான். கரண்டு வந்தா மொட்ட மாடி டேங்குக்கு தண்ணி ஏத்திக்க வேணாமா? நம்ம சுவத்துக்குள்ள போற குழாயில தண்ணி ஏறிகிட்டு இருக்குது!

— அத நிறுத்து!

— நிறுத்திட்டேன்! ... ஏங்க, சொட்டறதும் நின்னுடுச்சு. இப்ப யாருங்க காலி பண்ணணும்?