மார்க்கையன்கோட்டையின் நாலு மொக்கம்மாள்கள்

பெயர்ப்பலகை மாறும் நாளில் வடை வாங்குவது எப்போதும் என் பொறுப்பு. சின்னமனூர் கிளையில் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். போடி ஏலக்காய் வியாபாரிகள் தொடங்கிய வங்கியில்தான் நான் சேர்ந்தேன். அதை ஒரு கேரள வங்கி விழுங்கியது. அதை ஒரு சென்னை வங்கி, அதையும் வடக்கேயிருந்து வந்த இப்போதைய வங்கி. தலைமையகம் போட்ட வழவழப்பான வரலாற்றுப் புத்தகத்தில் இதற்குச் 'சங்கமம்' என்று பெயர். எனக்கு மட்டும் அதே நாற்காலி, அதே ஆடுகிற கால்.

விசாரணை அதிகாரி நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். கடைசி இணைப்பின்போது ஓர் உத்தரவு வந்தது: ஒரே ஆள் இரண்டு வாடிக்கையாளராக இருந்தால் ஒன்றாக்குங்கள். முதலில் முடிக்கும் கிளைக்குக் கேடயம். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் மார்க்கையன்கோட்டையில் நாலு மொக்கம்மாள்கள் இருந்தார்கள். குலசாமி பெயரை வீட்டுக்கு ஒருத்திக்கு வைக்கிற ஊர். நாலு பேரும் கைநாட்டு. நாலு பேருக்கும் முதியோர் உதவித்தொகை; அதுதான் அரிசி, அதுதான் மாத்திரை. ஆதாரைச் சரிபார்க்காமல் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கணக்கு நாலு, ஆள் ஒருத்தி என்றானது. நாலு வங்கி ஒன்றாகலாம், நாலு கிழவிகள் ஆகக் கூடாதா?

கேடயம் வந்தது. ஐந்தாம் மாதம் அவர்களில் ஒருவர் இறந்தார். மகன் கொண்டுவந்த இறப்புச் சான்றிதழைப் பதிந்தேன். கணினியில் மற்ற மூவரும் அந்த நிமிடமே செத்துப்போனார்கள். உதவித்தொகை நின்றது.

"தாலுகா ஆபீசுல கேட்டா பேங்குல போயிக் கேளுன்னாக. நான் உசுரோட உங்க முன்னாடி நிக்கேன்லய்யா?" என்றார் கீழத்தெரு மொக்கம்மாள்.

நிற்பது எனக்கும் தெரிந்தது. திருத்துவது அரைமணி நேர வேலை. ஆனால் கேடயம் திரும்பிப் போய்விடும்.

"உசுரோட இருக்கதுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கியாங்க ஆத்தா" என்றேன்.

மூவரும் வாங்கி வந்தார்கள். மூன்றையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஆடியில் கீழத்தெருக்காரர் மாத்திரையில்லாமல் போய்ச் சேர்ந்தார். ஐப்பசியில் இன்னொருவர், இரண்டு நாளாய் உலை வைக்கவில்லையாம். இரண்டு வீட்டுக்கும் என் செலவில் மாலை வாங்கிப் போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகாரில் கைநாட்டு வைத்தவர் மிச்சமிருக்கும் மொக்கம்மாள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், இருமல் கேட்கிறது. பொத்தானை அழுத்தியது நான். சான்றிதழ்களைப் பூட்டியதும் நான்தான், தெரிந்தே. ஆனால் பதிவில் தப்பில்லை ஐயா, கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். இந்த மார்கழிக் குளிர் போகட்டும், அதுவும் சரியாகிவிடும்.