சத்திரத்து மெட்டு

'ஏழு விளக்குகளின் நாடு' என்ற வீடியோ விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் நான்காம் பாகத்திலிருந்து தொடங்குவது நல்லது. முதல் மூன்றும் பழசு. எங்கே போகவேண்டும் என்று யாரும் வழி சொல்லமாட்டார்கள். நான் பன்னிரண்டாம் பாகத்தில் தொடங்கினேன். இப்போது ஏழாம் பாகம் மட்டும்தான் பாக்கி. நீங்கள் எழுதித் தரச் சொன்னது இதுவல்ல என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

நான் நாகாஓக்கா நகரில் ஒரு பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் நேர அட்டவணை போட்டவன். என் மனைவி மிவாகோ பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள்தான் இந்த விளையாட்டின் ரசிகை. முதல் பாகம் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. அதன்பின் ஒவ்வொரு பாகம் வெளியாகும் காலையிலும் லீவு போட்டுவிட்டுக் கடை வாசலில் வரிசையில் நிற்பாள். எனக்கு அது பக்கத்து அறையிலிருந்து வரும் சத்தம், அவ்வளவுதான். நாங்கள் சண்டை போட்டதில்லை. வெந்நீர் தயாரா, நாளைக்கு எந்தக் குப்பை எடுக்கிற நாள், இப்படிப் பேசிக்கொண்டே இருபத்தெட்டு வருடம் போயிருந்தது.

பன்னிரண்டாம் பாகம் செப்டம்பர் கடைசியில் வந்தது. அப்போது கணையத்தில் வந்த புற்றுக்குச் சிகிச்சையை நிறுத்தி, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். கம்பளித் தொப்பியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரிசையிலும் காத்திருந்தாள். விளக்குப் படம் போட்ட பெட்டியோடு வரும் விசேஷப் பதிப்பை வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சிகிச்சையில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினாள்.

முதல் அரை மணி நேரம் நான் ஒரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, நம்ம ஆளு அந்தச் சுவத்தோட குடித்தனம் நடத்தப் போறாரா? திரும்புங்க."

"எந்தப் பக்கம்?"

"சுவரு இல்லாத பக்கம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தது நினைவிருக்கிறது.

அவள் சொல்லச் சொல்ல நான் நடந்தேன். இடது, வலது, அந்தக் கிழவனிடம் பேசுங்க, பெட்டியைத் திறங்க. எனக்கு அது பிடித்துப்போனது. வில்லாளி, மந்திரக்காரி, வைத்தியப் பெண், வாள்வீரன் என்று நாலு பேர். அவர்கள் ஏழு விளக்கையும் ஒவ்வொன்றாக ஏற்றினால் கதை முடியும். ஒவ்வொருவரின் உடல்பலமும் திரையின் ஓரத்தில் எண்ணாகத் தெரியும். அடிபட்டால் எண் குறைந்து ஆரஞ்சு நிறமாகும். அப்போது ஊருக்குத் திரும்பிச் சத்திரத்தில் ஓர் இரவு தங்கினால் போதும், காலையில் எல்லாரும் குணமாகிவிடுவார்கள். சத்திரத்தில் படுக்கும்போது ஒரு சின்ன மெட்டு வரும். பன்னிரண்டு பாகத்திலும் அதே மெட்டு. மிவாகோ தன் வலி மருந்தை விழுங்கிவிட்டுப் படுக்கும்போதெல்லாம் அதை முனகுவாள். "சத்திரத்துக்குப் போறேன்," என்பாள்.

மருந்து காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. இடையில் வலி கூடினால் குடிக்க, தூளாக ஒரு பொட்டலம். மருந்து உள்ளே போனால் தூக்கம் வரும். அதனால் அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள்.

"நான் தூங்கறப்ப சில்லறைப் பூதங்களை அடிச்சு பலம் ஏத்திக்குங்க. ஆனா கதை நகர்ந்தா என்னை எழுப்பணும். திருட்டுத்தனமா பாத்தீங்க, அடுத்த ஜென்மத்துல உங்களைக் கட்டிக்க மாட்டேன்."

"எழுப்பறேன்."

"முடிவைப் பாத்துட்டுத்தான் போவேன். அதுக்கு நீங்கதான் பொறுப்பு."

நான் வாக்குக் கொடுத்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இந்த வாக்குதான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில்லறைப் பூதங்களை அடிப்பதில் எனக்கு இணை கிடையாது. ஒரே வேலையைச் சலிக்காமல் செய்வேன். ஆனால் அக்டோபர் பாதியில் பலம் வேண்டியதைவிட அதிகமாகிவிட்டது. கதை மட்டும் நகரவில்லை. அவள் நாளில் பாதி தூங்கினாள். ஒரு காலையில் ஒரு பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். மருந்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன்.

"சரி, பாலம் வரைக்கும்," என்றாள். அவள் சம்மதித்துத்தான் தொடங்கியது.

எட்டு மணி ஒன்பதாயிற்று. பிறகு பதினொன்று. நவம்பரில் பிற்பகல் இரண்டு. அட்டவணை போடுகிறவனுக்கு இது பழகிய வேலை. முதலில் நேரத்தைத் தள்ளவேண்டும். யாரும் புகார் செய்யாவிட்டால் ஒரு பஸ் நடையையே எடுத்துவிடலாம். தூள் பொட்டலங்களை முதலில் அட்டவணையிலிருந்து எடுத்தேன். பிறகு காலை மாத்திரையை.

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் நுகாகா-சான் வருவார். அந்த நாட்களுக்குத் தனி அட்டவணை. விடுமுறை நாளில் பஸ்ஸுக்கு வேறு நேரம் இருப்பதுபோல. அந்த நாட்களில் எல்லாம் சரியாக எட்டு மணிக்குக் கொடுத்துவிடுவேன். அவர் வரும்போது மிவாகோ தூங்கிக்கொண்டிருப்பாள். வலி பத்தில் எவ்வளவு என்று கேட்பார். "மூணு," என்று நான் சொல்வேன். எல்லா நாளும் எட்டு மணிக்கே கொடுத்ததாகக் கோடு போட்ட தாளில் எழுதி வைத்திருந்தேன்.

"எல்லா வீட்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எங்களுக்குப் பாதி வேலை குறைஞ்சிரும், ஹோஷினா-சான்," என்பார். அவர்மேல் தவறில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிவாகோ கத்தினாளா என்று கேட்டீர்கள். இல்லை. துண்டைக் கடித்துக்கொள்வாள். அதன் ஓரத்தை நீங்களே பார்த்தீர்கள். திரையில் ஒரு கோபுரம் இருந்தது, ஒன்பது அடுக்கு.

"மருந்து," என்றாள்.

"இந்த அடுக்கு முடியட்டும்."

"எது மேல போற படி, சொல்லு," என்றும் கேட்டேன். அவள் விரலை நீட்டிக் காட்டினாள். சரியான படிதான். வலியில்கூட அவளுக்கு அந்த விளையாட்டு அத்தனை தெரிந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

டிசம்பர் எட்டாம் தேதி பனி கொட்டியது. அன்று செவ்வாய். நுகாகா-சான் கிளம்பிப் போன பிறகு விழித்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"மீதியை நீங்களே பாத்துடுங்க. எனக்கு முடிவு வேண்டாம்."

"ஏன், இன்னும் ரெண்டு விளக்குதானே?"

"வேண்டாங்க. என்னைத் தூங்க விடுங்க."

சோர்வில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ரசிகர்கள் நடுவில் இப்படிச் சலித்துக்கொள்வதுண்டு. மறுநாள் காலை கன்ட்ரோலரை எடுத்து, அவள் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். இரவு மாத்திரையில் பாதியை அன்றுதான் நிறுத்தினேன். பகலில் தெளிவாக இருக்க அது உதவியது.

கடைசி வாரம் அவளால் பேச முடியவில்லை. மெட்டை மட்டும் முனகினாள். சத்திரத்து மெட்டு. காலையிலும் மத்தியானமும் முனகினாள். அவள் முனகும்போதெல்லாம் நான் அந்த நாலு பேரையும் சத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் யாருக்கும் அடிபட்டிருக்கவில்லை. இருந்தாலும் போனேன். உடம்பில் குறையோடு யாரையும் நான் ஒரு அடி நடக்கவிட்டதில்லை. எண் ஆரஞ்சு நிறமாகும் முன்பே திரும்பிவிடுவேன்.

அவள் இறந்த பிறகு மருந்துகளை நானே மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். மீந்த வலி மருந்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. கழிப்பறையில் கொட்டியிருக்கலாம், போலீஸ்காரர்களான உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. விளக்குப் படம் போட்ட அந்தப் பெட்டியில்தான் சேர்த்து வைத்திருந்தேன். பெட்டி நிறைந்திருந்தது. மருந்தாளர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

மருந்தை நான் வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். அந்த மெட்டில் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டே கால் போல அவள் இறந்ததாக டாக்டர் கணக்கிட்டிருக்கிறார். நான் போன் செய்தது ஐந்தரைக்கு. நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். கடைசி விளக்கின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. அதற்குப் பிறகு நிறுத்திச் சேமிக்க இடம் கிடையாது. சண்டை ஒரு மணி நேரம், முடிவுக் காட்சிகள், அதன்பின் வேலை செய்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஓடி முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திரை தெரியும்படி அதைத் திருப்பி வைத்தேன். நல்ல முடிவு. அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. கதை நகர்ந்தபோதெல்லாம் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள்.