பூனைக்கு முன்னால் குதித்தவன்

நான் போடும் காப்பியில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், இதுல காப்பியும் கொஞ்சம் சேத்திருக்கலாம்" என்பார். சொல்லிவிட்டு முழுவதையும் குடித்துவிடுவார். நல்ல மனிதர்.

எனக்கு மருந்துக்கடையில் வேலை. அவர் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினார். வேலை முடிந்ததும் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வீடியோ கேம் கூடத்துக்குப் போவோம். திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் சண்டை ஆட்டம். கல்யாணமான ஆண்களுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என் தங்கை கேலி செய்வாள். நீங்களும் சிரிக்கலாம்.

இந்த ஆட்டத்தில் அடிப்பது பெரிய விஷயமில்லை. அடிப்பதற்கு முந்திய நேரம்தான் கஷ்டம். இருவரும் கை எட்டாத தூரத்தில் நின்று முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே இருப்போம். எதிராளி செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் கொடுக்கலாம். இல்லையென்றால், அவன் இதைத்தான் செய்யப்போகிறான் என்று கணித்து முன்கூட்டியே இறங்கலாம். எல்லாவற்றையும் பார்த்துப் பிடிக்கும் கண் யாருக்கும் கிடையாது. கணிப்பையே நம்பிக் கிடந்தால் ஒரு நாள் மூக்கு உடையும். இரண்டையும் அளவாகக் கலக்கத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன்.

நான் கணிக்கிறவன், அவர் பார்க்கிறவர். திரையில் அவர் ஆளுக்கு முன்னால் யாரும் குதித்து இறங்கியது கிடையாது. கால் தரையை விட்டதுமே குத்து விழுந்துவிடும். அதனால் கூடத்தில் அவருக்குப் பூனை என்று பெயர். அவர் எப்போது பின்வாங்குவார், எப்போது உதைப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்ன பிரயோசனம்? என் கணிப்பு சரியாகவே இருந்தாலும் கடைசி நொடியில் அவர் கண் அதைப் பிடித்துவிடும். மாங்கு மாங்கென்று யோசித்ததெல்லாம் வீண். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு முறை அவருக்குச் சளி பிடித்திருந்தது. கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். அது தூக்கத்தை வரவழைக்கும், வண்டி ஓட்டக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவருடைய பைக்கை நானே ஓட்டி, அவரைப் பின்னால் உட்கார வைத்து வீட்டில் விட்டேன். அன்று ஆட்டத்தில் அவருக்கு முன்னால் குதித்துப் பார்த்தேன். குத்து வரவில்லை.

கண் கைகொடுக்காததால் அவர் கணிக்க ஆரம்பித்தார். தப்புத் தப்பாகத்தான் கணித்தார், ஆனாலும் அவரிடம் இல்லாத பாதியை நான் கொடுக்கிறேன் என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு சளி இல்லாத நாட்களிலும் மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்தேன். கசப்பைச் சர்க்கரை பார்த்துக்கொண்டது. கலந்த நாட்களில் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டிச் சாவியை நானே வாங்கிக்கொள்வேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

அவர் நொந்துபோனார். "வயசாகுது போல மச்சான். குதிக்கிறது தெரியுது, கைதான் வர மாட்டேங்குது" என்றார். கண் டாக்டரிடம் போய்க் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாவமாக இருந்தது. அன்று சர்க்கரையை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

வெளியூர்ப் போட்டிக்குக் கூடத்தின் சார்பில் ஒருவர்தான் போக முடியும். அதற்கான ஆட்டம் ஒரு மத்தியான வேளையில் நடந்தது. கடைசியில் அவரும் நானும்தான் மிஞ்சினோம். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கலந்திருந்தேன். யாருக்கு இன்னும் ஒரு அடி விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது என்ற நிலையில், எட்டாத தூரத்தில் அசைந்துகொண்டிருந்தோம். நான் குதித்தேன். பூனை பார்த்துக்கொண்டே நின்றது.

கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியது. கூடத்துக்காரர் அணிச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டுப் போட்டோ எடுக்க நிறுத்தினார். மாப்பிள்ளை வந்து என் தோளைத் தட்டினார். "அருமையான குதிப்பு மச்சான். நீங்க இருங்க, உங்க தங்கச்சி வேலை முடிஞ்சு காத்துட்டிருப்பா, நான் போய் கூட்டிட்டு வந்துடறேன்" என்றார். மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியாக வாசல் நன்றாகத் தெரியும். அவர் சாவியை வண்டியில் நுழைக்கப் பார்த்தார். சறுக்கியது. மறுபடியும் சறுக்கியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கம் பாத்து கொஞ்சம் சிரிங்க" என்றார் கூடத்துக்காரர். நான் சிரித்தேன்.

நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கம் போய் மோதியிருக்கிறார். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். என் தங்கை தையல் ஆலை வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. நான் போட்டிருந்த அணிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "பிரேக் பிடிச்சிருப்பாரேண்ணா, அவரு கண்ணுக்கு எதுவும் தப்பாதேண்ணா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவர் வண்டியை எடுப்பார் என்று முன்பே கணித்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்று சாவியை வாங்கி வைக்க மறந்திருந்தேன். நான் கணிக்கவில்லை, பார்த்தேன். பார்த்த பிறகு வாசலுக்கு ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கும் அளவுக்கு நேரம் இருந்தது. பிடுங்கினால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சட்டையைக் கழற்ற வேண்டும். அதனால் நின்றுவிட்டேன். அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கடைசிக் குதிப்பு என் சொந்தக் கணிப்பு. மாத்திரை இல்லாவிட்டாலும் அவர் அதைப் பிடித்திருக்க மாட்டார்.